தனித்தொகுதிகளின் 7,744 வாக்குகள்

பள்ளிக்கரணையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறோம். சென்ற வாரம் அரசமைப்புச் சட்டம் பற்றிய பாடம். “குடியரசுத் தலைவர் தேர்தல்ல நம்ம ஊர் யாருக்கு ஓட்டு போட்டுச்சு அண்ணா?” என்று ஒரு மாணவி கேட்டார். “நாம போடல, நம்ம எம்.எல்.ஏ. போட்டார்” என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால், அந்த ஓட்டுக்குப் பின்னால் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது.

1971 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் 4 கோடியே 11 லட்சம் பேர் இருந்தனர். அதை 234 தொகுதிகளால் வகுத்து, மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் 176 வரும். இதுதான் தமிழக எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு. உத்தரப் பிரதேசத்தின் 208-க்கு அடுத்து, தமிழகத்துக்கும் ஜார்க்கண்டுக்கும்தான் இந்த உயர்ந்த மதிப்பு. 234 பேருக்கும் சேர்த்து 41,184. எம்.பி.க்களின் வாக்கு தனிக் கணக்கு. பள்ளிக்கரணை அடங்கிய சோழிங்கநல்லூர் தொகுதியில் 2021 தேர்தலின்போது ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தனர். சென்னை துறைமுகம் தொகுதியில் இரண்டு லட்சம்கூட இல்லை. ஆனாலும் இரு தொகுதிகளின் எம்.எல்.ஏ.க்களுக்கும் அதே 176தான்.

இனி 2017-க்கு வருவோம். தேசிய ஜனநாயகக் கூட்டணி பீகார் ஆளுநராக இருந்த ராம்நாத் கோவிந்தை வேட்பாளராக அறிவித்தது. எதிர்க்கட்சிகள் பாபு ஜெகஜீவன்ராமின் மகளும் மக்களவையின் முன்னாள் தலைவருமான மீரா குமாரை நிறுத்தின. இருவருமே தலித்துகள். யார் வென்றாலும் ஒரு தலித் குடியரசுத் தலைவர் ஆவார் என்ற நிலை. நம் சேரிகளிலும் காலனிகளிலும் பலர் மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சியில் தவறில்லை. ஆனால், கே.ஆர்.நாராயணன் முதல் தலித் குடியரசுத் தலைவராகத் தேர்வான 1997 ஜூலையையும் மறக்க முடியாது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நாட்டின் தலைமைப் பதவிக்கு ஒரு தலித் வந்துகொண்டிருந்த நேரத்தில், ஊராட்சி நாற்காலியில் ஒரு தலித் உயிரோடு உட்கார முடியவில்லை.

2017 ஜூலை 17 அன்று வாக்குப்பதிவு நடந்தது. ஜெயலலிதா மறைவால் ஆர்.கே.நகர் காலியாக இருந்தது. உடல்நலக் குறைவால் கருணாநிதி வாக்களிக்கவில்லை. மீதி 232 பேரில் கோவிந்துக்கு 134, மீரா குமாருக்கு 98. மதிப்பில் 23,584-க்கு 17,248. மற்ற எல்லாவற்றிலும் மோதிக்கொண்டிருந்த அதிமுக அணிகள் கோவிந்தை ஆதரிப்பதில் ஒன்றாக நின்றன. திமுகவும் காங்கிரசும் முஸ்லிம் லீக்கும் மீரா குமார் பக்கம். நாடு முழுவதும் 65.65 விழுக்காடு மதிப்பு பெற்றுக் கோவிந்த் வென்றார்.

இந்தத் தேர்தலில் கட்சிகள் கொறடா உத்தரவு போட முடியாது. ரகசிய வாக்கு. கட்சி சொன்னதற்கு மாறாகப் போட்டாலும் கட்சித் தாவல் சட்டம் பாயாது. ஒரு எம்.எல்.ஏ.வுக்கு இவ்வளவு சுதந்திரம் கிடைப்பது அபூர்வம். அப்படியிருந்தும் வாக்குகள் கட்சிக் கணக்கு பிசகாமல் விழுந்தன. இரட்டை இலைச் சின்னத்தில் வென்ற கூட்டணிக் கட்சி எம்.எல்.ஏ. ஒருவர் மட்டும் மீரா குமாரை ஆதரிப்பதாக அறிவித்தார். அவரும் பொதுத்தொகுதிக்காரர்.

தமிழகத்தில் பட்டியலினத்தவருக்கான தனித்தொகுதிகள் 44. அந்த 44 பேரின் வாக்கு மதிப்பு 7,744. இதை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தால் இரு தரப்பும் வந்து பேசியிருக்கும். அப்படிக் கட்ட ஆளில்லை. விடுதலைச் சிறுத்தைகளுக்கோ புதிய தமிழகத்துக்கோ அன்றைய சட்டமன்றத்தில் ஓர் இடம்கூட இல்லை. காட்டுமன்னார்கோயில் தனித்தொகுதியில் திருமாவளவன் 87 வாக்குகளில் தோற்றிருந்தார். 1932 பூனா ஒப்பந்தத்தில் அண்ணல் அம்பேத்கர் தனி வாக்காளர் தொகுதியை விட்டுக்கொடுக்க நேர்ந்ததன் விளைவை இங்கே பார்க்கிறோம். தொகுதி நம்முடையது, உறுப்பினர் கட்சியினுடையவர்.

இதனால் நாம் இழந்தது என்ன? நீட் தேர்விலிருந்து விலக்குக் கேட்டு 2017 தொடக்கத்தில் சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய இரண்டு மசோதாக்கள், அந்த ஜூலையில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்காக டெல்லியில் காத்துக்கிடந்தன. ஒப்புதல் கிடைத்தால்தான் ஆதரவு என்று 23,584 வாக்கு மதிப்பைக் கையில் வைத்திருந்தவர்கள் நிபந்தனை வைக்கவில்லை. பிளஸ் டூவில் 1,200-க்கு 1,176 எடுத்த அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். அதே மாதம் மசோதாக்களுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது. அது மறுக்கப்பட்ட செய்தியே 2019-ல் நீதிமன்றத்தில்தான் வெளியே வந்தது.

மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் குடியரசுத் தலைவர் நடக்க முடியும் என்பது நமக்குத் தெரியும். எனவே கோவிந்த் மீது மட்டும் பழி போடவில்லை. அந்த அமைச்சரவையை நடத்தியவர்கள் நம் வாக்குகளைத் தேடி வந்தபோது, நம் பிரதிநிதிகள் பதிலுக்கு எதையும் கேட்காமல் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் நம் குறை.

அடுத்த குடியரசுத் தலைவர் தேர்தல் 2027-ல். வேட்பாளர் எந்தச் சமூகம் என்று அப்போதும் பேசுவார்கள். நாம் பேச வேண்டியது வேறு. நம் எம்.எல்.ஏ.விடம், குறிப்பாகத் தனித்தொகுதி எம்.எல்.ஏ.விடம், இப்போதே ஊர்க் கூட்டத்தில் வைத்துக் கேட்போம்: “உங்கள் கையில் 176 வாக்கு இருக்கிறது. அதை யாருக்குப் போடப்போகிறீர்கள் என்பது ரகசியமாகவே இருக்கட்டும். எங்களுக்காக எதைக் கேட்டுப் போடப்போகிறீர்கள்?”

அடுத்த ஞாயிறு வகுப்பில் அந்த மாணவிக்கு நாம் சொல்லப்போகும் பதில் இதுதான்.