கப்பல் நின்ற நாளில் ஒற்றியூர்த் திருவிழா

கப்பலில் உல்லாசப் பயணம் என்றால் முன்பெல்லாம் சினிமாவில் பார்ப்பதோடு சரி. இப்போது அப்படியில்லை. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்ப்ரஸ்’ என்ற சொகுசுக் கப்பல் உள்நாட்டுப் பயணம் புறப்பட்டது. 2023 ஜூனில் அதே கப்பல் இலங்கைக்கும் போயிற்று. பாட்டி, பேரன், கைக்குழந்தை என்று குடும்பம் குடும்பமாக ஏறினார்கள். வெளிநாட்டில் இருக்கும் நம் பெண்களும் விடுமுறைக்குக் கப்பலில் வருகிறார்கள். வழியில் ஒரு பகல் சென்னையில் நிற்கிறது என்றால், “இறங்கி எதைப் பார்க்கலாம், அக்கா?” என்று ஊரிலிருக்கும் சொந்தக்காரிக்குப் போன் வரும். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே, டோல்கேட்டில் குடியிருக்கிற என் போன்றவர்களைத்தான் முதலில் கேட்பார்கள்.

வழக்கமாக என்ன நடக்கிறது? துறைமுக வாசலைத் தாண்டியதும் பஸ் தெற்கே திரும்பி மாமல்லபுரம் போய்விடும். ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். போக, வர என்று பாதிப் பகல் சாலையிலேயே தீர்ந்துவிடும். சிற்பங்கள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவை அடுத்த தடவை வந்தாலும் அங்கேதான் இருக்கும். நீங்கள் இறங்கும் நாளில் வடக்கே பத்து கிலோமீட்டருக்குள் ஒரு திருவிழா நடக்கிறதென்றால், அதை விட்டுவிட்டு ஏன் தெற்கே ஓட வேண்டும்?

பயணிகள் கப்பல்கள் நம் பக்கம் அதிகமாக வருவது குளிர்காலத்தில். நவம்பரிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை. திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி, வடிவுடையம்மன் கோயிலின் இரண்டு பெரிய விழாக்களும் அந்த மாதங்களில்தான் வருகின்றன.

ஒன்று கார்த்திகைப் பௌர்ணமி. இங்கே மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம். வருஷம் முழுவதும் கவசத்துக்குள்ளேயே இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தை எடுப்பார்கள். அப்போது புனுகும் சாம்பிராணித் தைலமும் சாற்றுவார்கள். மற்ற நாளில் வந்தால் அந்தத் தரிசனம் கிடையாது. ஆகவே வரிசை தெருவைச் சுற்றி நீளும். கையில் ஐந்தாறு மணி நேரமே உள்ளவர்கள் அதில் நின்று தவிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அம்மன் சன்னதியையும் வீதிக் கூட்டத்தையும் பார்த்தாலே மனசு நிறைந்துவிடும்.

இன்னொன்று மாசிப் பிரம்மோற்சவம். தேர், திருக்கல்யாணம், மகிழடி சேவை எல்லாம் இதில்தான். கப்பலில் வருகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். காரணம் இதற்குப் பின்னால் இருக்கும் சங்கிலியின் கதை. கதை தெரியாமல் கூட்டத்தில் நின்றால் வெறும் நாதஸ்வரமும் நெரிசலும்தான் மிஞ்சும்.

சங்கிலியார் ஞாயிறு என்ற ஊர்ப் பெண். செங்குன்றத்துக்கு அப்பால் அந்த ஊர் இன்றும் இருக்கிறது. கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒற்றியூருக்கு வந்து, சுவாமிக்குப் பூத்தொடுத்துக் கொண்டிருந்தாள். அங்கே வந்த சுந்தரர் அவளைப் பார்த்தார், சிவனிடமே தூது போகச் சொன்னார். கனவில் வந்த சிவனிடம் அந்தப் பெண் என்ன சொன்னாள் தெரியுமா? “அவருக்குத்தான் திருவாரூரில் வீடு இருக்கிறதே” என்ற பொருளில் கேட்டாள். பரவையாரை மறைத்துவிட்டு ஒரு கல்யாணமா என்பதுதான் விஷயம். “உன்னை விட்டுப் பிரியேன் என்று சத்தியம் செய்து தருவார்” என்றார் சிவன். சுந்தரர் சும்மா இருந்தாரா? “நான் சன்னதியில் சத்தியம் செய்யும்போது நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும்” என்று சுவாமியிடமே ஏற்பாடு செய்தார். சுவாமி அதையும் சங்கிலியிடம் சொல்லிவிட்டார்! மறுநாள், “கோயிலுக்குள் வேண்டாம், மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தால் போதும்” என்று செய்தி வந்தது. சுந்தரர் அகப்பட்டுக்கொண்டார், மரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்தார். அதுதான் மகிழடி சேவையாக இன்றும் நடக்கிறது.

பிறகு வசந்த காலம் வந்தது. திருவாரூர்த் திருவிழா நினைவு சுந்தரரைப் பிடித்து இழுத்தது. சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார், கண் இரண்டும் போயிற்று. காஞ்சிபுரத்தில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் திரும்பக் கிடைத்ததாகப் பெரிய புராணம் சொல்லும். திருவாரூர் போய்ச் சேர்ந்தவர், பரவையின் கோபத்தைத் தணிக்க மறுபடி சிவனைத் தூது அனுப்பியது வரை கதை விரிவாக வரும். சங்கிலி அதற்கப்புறம் ஒற்றியூரில் எப்படி நாளைக் கழித்தாள் என்று யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. மகிழ மரத்தடியில் கும்பிட்டு நிற்கிற பெண்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஞாபகம்தான் வரும். மரம் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. திருவிழா இல்லாத நாளிலும் பார்க்கலாம்.

சரி, போவது எப்படி? துறைமுகத்துக்குள் இஷ்டப்படி நடக்க முடியாது. கப்பலிலிருந்து வாசல் வரை அவர்கள் விடும் வண்டியில்தான் வர வேண்டும். வாசலிலிருந்து கார் பிடித்தால் ராயபுரம், காசிமேடு வழியாகக் கண்டெய்னர் லாரிகளோடு போட்டி போட வேண்டியிருக்கும். எண்ணூர்ச் சாலையில் லாரி நெரிசல் எப்போது வரும் என்று எங்களுக்கே தெரியாது. அதனால் ஒரு ஆட்டோ பிடித்து மண்ணடியோ உயர்நீதிமன்றமோ மெட்ரோ நிலையத்துக்குப் போய்விடுங்கள். விம்கோ நகர் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் தண்டையார்பேட்டை வரை பூமிக்கடியில் ஓடிவிட்டு, டோல்கேட் வரும்போது மேலே வந்திருக்கும். அடுத்தது காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த காலெட் துரையின் பெயரில் நெசவாளர்களுக்கு உண்டான பேட்டை. காலெட்பேட்டைதான் நம் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. அதற்கடுத்தது தேரடி. இறங்கி நடந்தால் கோயில். 2021 பிப்ரவரியில் இந்த ரயில் வந்த பிறகு எங்களுக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது.

இனி மிக முக்கியமான விஷயம், நேரம். சுவாமி புறப்பாடு காலை எட்டு மணி என்று பத்திரிகையில் போட்டிருக்கும். அலங்காரம் முடிந்து புறப்படும்போதுதான் புறப்படும். கப்பல் அப்படியில்லை. எல்லோரும் உள்ளே வந்துவிட வேண்டிய நேரத்தை இறங்கும் இடத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அது கப்பல் கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி முன்னால் இருக்கும். கப்பல்காரர்களே அழைத்துப் போகிற பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். கப்பல் கடிகாரமும் ஊர்க் கடிகாரமும் ஒன்றுதானா என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள். இலங்கையும் நாமும் ஒரே நேரம். மாலத்தீவு அரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். தேர் நிலைக்கு வராவிட்டாலும் சரி, நீங்கள் குறித்து வைத்த நேரத்தில் திரும்பிவிட வேண்டும். சாதாரண நாளில் கோயில் நடை மத்தியானம் சாத்தி மாலையில்தான் திறக்கும். அதனால் காலையிலேயே போவது உத்தமம். பௌர்ணமி அன்று மேலூர் திருவுடையம்மன், ஒற்றியூர் வடிவுடையம்மன், வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூன்று அம்மனையும் தரிசிக்கும் வழக்கம் இங்கே உண்டு. ஊர்க்காரர்களுக்கு அது சரி. கப்பலைப் பிடிக்க வேண்டியவர்கள் ஆசைப்படக் கூடாது.

குழந்தையோடு வருகிறீர்களா? இரண்டு மூன்று நாள் கப்பலில் இருந்துவிட்டு இறங்கினால் தரை ஆடுவது போல் இருக்கும். பெரியவர்களுக்கே தலை சுற்றும். இறங்கியவுடன் கூட்டத்துக்குள் போகாமல் இட்லி, இஞ்சி தட்டிப் போட்ட மோர் என்று லேசாகச் சாப்பிட்டுச் சற்று உட்காருங்கள். குமட்டலுக்குத் தரும் மாத்திரை தூக்கம் வரவழைக்கும். குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. கப்பல் பெயரையும் உங்கள் போன் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதிக் குழந்தையின் சட்டைப் பையில் வையுங்கள். வடம் பிடிக்கிற இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். மாடவீதியில் ஒரு திண்ணை கிடைத்தால் அதுவே சிறந்த இடம். மாசி வெயில் காலை பத்து மணிக்கே சுடும், செருப்பில்லாத பிஞ்சுக் கால் தாங்காது. மாசமாக இருப்பவர்கள் பயணத்துக்கு முன்பே விசாரியுங்கள். 24 வாரத்தைத் தொட்டுவிட்டால் பெரும்பாலான கப்பல்களில் ஏற்ற மாட்டார்கள். திரும்பி ஏறியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது அவசியம். கப்பல்களில் பரவும் ஒருவித வாந்தி பேதிக் கிருமிக்குக் கையில் தடவும் திரவம் போதாது.

இங்கிருந்து இலங்கை போனவர்களுக்கு 2023 பயணத்தில் காங்கேசன்துறையில் இறங்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஆடி அமாவாசைக்குப் பிறகு நல்லூர் கந்தசாமி கோயிலில் 25 நாள் திருவிழா. அங்கே ஒரு அதிசயம், பூஜை சொன்ன நிமிஷத்துக்கு நடக்கும். அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நேரத்துக்குப் பயப்படுகிற கப்பல் பயணிக்கு அதைவிடத் தோதான திருவிழா கிடையாது. ஒற்றியூர் எங்கள் ஊர் என்பதால் இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

ஒற்றியூரில் குங்குமமும் விபூதியும் மடித்து எடுத்துப் போகலாம். சுண்டல், புளியோதரையை மட்டும் அங்கேயே தின்று தீர்த்துவிடுங்கள். வெளியில் சமைத்த பண்டத்தைப் பெரும்பாலான கப்பல்களில் உள்ளே விடமாட்டார்கள். வாசலிலேயே வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.