இரு சக்கரத்தில் இடைவெளி காக்கும் கருவி

ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்து புறப்பட்டு, ஆஸ்திரியாவைக் கடந்து, பிரென்னர் கணவாய் வழியாக இத்தாலியின் பொலோனா நகரை அடைவதற்கு 500 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தல் வேண்டும். மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் செல்லும் ஐரோப்பியர் விரும்பி மேற்கொள்ளும் வழிகளுள் இதுவும் ஒன்று. மலைக்காட்சிகள் கண்ணுக்கு விருந்தாயினும், வலக்கை மணிக்கட்டுக்கு அப்பயணம் ஒரு சோதனையே. ஆக்சிலேட்டர் பிடியை மணிக்கணக்கில் ஒரே நிலையில் முறுக்கிப் பிடித்திருத்தல் வேண்டும். சரக்கு லாரிகள் அணிவகுத்துச் செல்லும் அந்நெடுஞ்சாலையில் முன்செல்லும் வண்டிக்கும் தம் வண்டிக்கும் உள்ள தொலைவையும் இடையறாது கணித்துக் கொண்டிருத்தல் வேண்டும். கை சோர்ந்தால் வேகம் குறையும். கருத்துச் சோர்ந்தால் உயிருக்கே கேடு விளையும்.

இவ்விரு சுமைகளையும் ஓரளவு தாங்க வந்த கருவியே 'அடாப்டிவ் குரூயிஸ் கண்ட்ரோல்' என்பது. குரூயிஸ் கண்ட்ரோலைச் 'சீர்வேகக் கருவி' என நாம் வழங்கலாம். அடாப்டிவ் என்பதற்குத் 'தகவமைப்பு' என்னும் சொல் உண்டெனினும், கருவி செய்யும் வேலையை அது விளக்கவில்லை. ஆதலின் 'இடைவெளி காக்கும் சீர்வேகக் கருவி' என்றே இக்கட்டுரையில் குறிப்போம். பெயர் சற்று நீண்டாலும் பொருள் தெளிவாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

சீர்வேகக் கருவியைக் கண்டவர் ரால்ஃப் டீட்டர் என்னும் அமெரிக்கப் பொறியாளர். ஐந்து வயதில் நேர்ந்த விபத்தால் இரு கண்களிலும் பார்வையை இழந்தவர் அவர். தம்முடன் பேசிக்கொண்டே காரோட்டிய வழக்கறிஞர் வண்டியை ஒரு சீராக ஓட்டாமல் குலுக்கிக் குலுக்கிச் செலுத்தியதே இவ்வெண்ணம் எழக் காரணம் என்பர். 1950இல் அவருக்குக் காப்புரிமை கிட்டியது. 1958இல் கிறைஸ்லர் நிறுவனத்தார் அக்கருவியைத் தம் கார்களில் பொருத்தினர். ஓட்டுகின்ற எவரும் உணராத குறையைப் பார்வையற்ற ஒருவர் உணர்ந்தார் என்பது நம் சிந்தனைக்குரியது.

அக்கருவி வேகத்தை மட்டுமே அறியும். முன்னால் செல்லும் வண்டியை அறியாது. 1995இல் மிட்சுபிஷி டயமாண்டே காரில் லேசர் ஒளிகொண்டு முன்வண்டியின் தொலைவை அளக்கும் கருவி அமைந்தது. அதற்கு வேகத்தைத் தளர்த்தத் தெரியும். பிரேக்கை இயக்கத் தெரியாது. 1999இல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் வகைக் காரில் ரேடாருடன் பிரேக்கும் இணைந்தது. ஆயினும் மோட்டார் சைக்கிளுக்கு இது வந்து சேர மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. 2020ஆம் ஆண்டின் இறுதியில் டுகாட்டி நிறுவனம் தன் மல்டிஸ்ட்ராடா வி4 வண்டியையும், பி.எம்.டபிள்யூ. நிறுவனம் ஆர் 1250 ஆர்.டி. வண்டியையும் இக்கருவியுடன் அறிமுகம் செய்தன. இரண்டிலும் உள்ள நுட்பம் பாஷ் நிறுவனத்தினுடையது.

அளந்தறிந்து தன்னைத் தானே திருத்திக் கொள்ளும் இயக்கத்தைப் பொறியியலார் பின்னூட்டம் என்பர். அதன் வரலாறு நெடியது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவர் தம் 'கிதாபுல் ஹியல்' நூலிலும், அல் ஜஸரீ 1206இல் நிறைவு செய்த நூலிலும், மிதவையும் அடைப்பானும் கொண்டு நீரின் அளவைத் தானே சீர்செய்யும் கருவிகளை விளக்கியுள்ளனர். அங்கே நீர்மட்டம் செய்த வேலையை இங்கே வானொலி அலை செய்கிறது.

இயங்கும் முறை

வண்டியின் முகப்பில் உள்ளங்கைக்குள் அடங்கும் ரேடார் ஒன்று அமைந்துள்ளது. அது வினாடிக்கு ஏறத்தாழ 7,700 கோடி முறை அதிரும் அலைகளை முன்னோக்கிச் செலுத்துகிறது. அவ்வலையின் நீளம் 4 மில்லிமீட்டருக்கும் சற்றே குறைவு. 60 மீட்டர் முன்னே செல்லும் லாரியில் பட்டு அவ்வலை திரும்பி வர, ஒரு வினாடியின் 25 இலட்சத்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். அதைக் கொண்டு தொலைவு அறியப்படும். திரும்பும் அலையின் அதிர்வெண்ணில் காணும் சிறு மாற்றம், முன்வண்டியை நாம் என்ன வேகத்தில் நெருங்குகிறோம் என்பதைக் காட்டிவிடும்.

ஓட்டுநர் இடக்கைப் பிடியருகே உள்ள பொத்தானால் வேகத்தையும் இடைவெளியையும் குறித்துவிடுவார். மணிக்கு 108 கி.மீ. வேகம் என்பது வினாடிக்கு 30 மீட்டர். இரண்டு வினாடி இடைவெளி என்றால் 60 மீட்டர். முன்வண்டி மெதுவானால் கருவி எஞ்சினைத் தளர்த்தும், தேவையாயின் பிரேக்கிடும். வழி விட்டால் குறித்த வேகத்துக்கு மீளும். ஓட்டுநர் பிரேக்கைத் தொட்ட மாத்திரத்தில் கருவி விலகிக்கொள்ளும்.

இரு சக்கரத்தின் இடர்ப்பாடு

காரில் இருபது ஆண்டுகள் பழகிய கருவியை மோட்டார் சைக்கிளில் அப்படியே பொருத்திவிட இயலாதா என்னும் வினா எழும். இயலாது. கார் வளைவில் சாய்வதில்லை. மோட்டார் சைக்கிள் சாய்ந்தே திரும்பும். வண்டியோடு சேர்ந்து ரேடாரும் சாயும். அதன் பார்வையில் சாலையே சரிந்து தோன்றும். ஆகவே சாய்வின் அளவை நொடிதோறும் உணர்த்தும் மற்றோர் உணர்கருவியின் துணை இதற்கு வேண்டும். சாய்ந்த நிலையில் முன்பிரேக் அழுந்தினால் வண்டி நிமிர்ந்து வளைவுக்கு வெளியே ஓட முற்படும். ஆதலின் வளைவில் பிரேக்கும் வேக ஏற்றமும் மட்டுப்படுத்தப்படுகின்றன.

இதனினும் பெரிது மனித உடல் பற்றியது. காரில் இருப்பவரை இருக்கைப் பட்டை பிணைத்திருக்கிறது. மோட்டார் சைக்கிளிலோ அவர் தம் கைகளாலும் முழங்கால்களாலுமே தம்மைத் தாங்கிக் கொள்கிறார். எதிர்பாராமல் பிரேக் விழுந்தால் உடலின் பாரம் முழுதும் கைப்பிடியில் இறங்கும். பின்னிருப்பவரின் தலைக்கவசம் முன்னிருப்பவரின் தலைக்கவசத்தில் மோதும். கை சற்றே திருகினாலும் வண்டி நிலைகுலையும். எனவே இக்கருவி இடும் பிரேக்குக்கு ஒரு வரம்பு வைத்துள்ளனர். அவ்வரம்புக்கு மேல் தேவைப்படும்போது ஓட்டுநரே பிரேக்கிட வேண்டும்.

யாவரும் மனத்திற்கொள்ள வேண்டிய குறை ஒன்றுண்டு. சாலையில் அசையாது நிற்கும் வண்டியைத் தம் கருவி கணக்கில் கொள்ளாது என்று பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தாரே எச்சரித்துள்ளனர். காரணம் எளிது. 108 கி.மீ. வேகத்தில் செல்லும்போது சாலையோரக் கம்பித் தடுப்பும், பெயர்ப் பலகையும், மேம்பாலத் தூணும் ஏறத்தாழ அதே வேகத்தில் நம்மை நோக்கி வருவனவாகவே ரேடாருக்குத் தோன்றும். அவை ஒவ்வொன்றுக்கும் பிரேக்கிட்டால் பயணமே நடவாது. ஆகவே அசையாதவற்றைக் கருவி ஒதுக்கிவிடுகிறது. போக்குவரத்து நெரிசலின் வாலில் நின்றுவிட்ட லாரியும் அவ்வாறே ஒதுக்கப்படலாம். நாம் கருவியிடம் அமானிதமாக ஒப்படைப்பது ஓடும் வண்டியோடு உள்ள இடைவெளியை மட்டுமே, சாலையை அன்று.

வேறோர் இடரும் உண்டு. மெதுவாகச் செல்லும் லாரியின் பின்னே 80 கி.மீ. வேகத்தில் சென்றவர் நெடுஞ்சாலையிலிருந்து கிளைச்சாலைக்குத் திரும்புகிறார் எனக் கொள்வோம். லாரி ரேடாரின் பார்வையிலிருந்து மறைந்ததும், வழி திறந்தது எனக் கருதிக் கருவி முன்பு குறித்த 120ஐ நோக்கி விரையத் தலைப்படும். எதிரே இருப்பதோ வளைவு. திரும்புமுன் கருவியை நிறுத்திவிடுவதே முறை. வடபுறம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட ஸ்டெல்வியோ கணவாய் போன்ற மலைவழியில் இதற்கு வேலையே இல்லை.

குழுவாகச் செல்வோர் இடமும் வலமுமாக மாறி மாறி அணிவகுப்பதால், யாரைத் தொடர்வது என்று ரேடார் மயங்குவதும் உண்டு. அவ்வணியை இனங்காணும் வசதியையும், தானியங்கிக் கியர் உள்ள வண்டியை முற்றிலும் நிறுத்தும் வசதியையும் பாஷ் நிறுவனம் 2024இல் அறிவித்தது. வண்டியைக் கருவி நிறுத்திவிடும். நின்ற வண்டி சாயாமல் காலூன்ற வேண்டியவர் ஓட்டுநரே.