டிராகனுக்கு மூன்று நிறம் போதாது

1987-இல் ஜப்பானில் ‘ஃபைனல் ஃபேண்டசி’ வீடியோ விளையாட்டு வெளிவந்தபோது, அது ஓடிய ஃபாமிகாம் கருவியால் திரையில் நடமாடும் சின்ன உருவத் துண்டு ஒன்றுக்கு மூன்று நிறங்கள்தாம் தர முடிந்தது. அந்த விளையாட்டுக்குச் சித்திரம் வரைந்த யோஷிடகா அமானோவோ, காற்றில் பாதி கரைந்துவிட்ட வீரர்களை மையாலும் நீர்வண்ணத்தாலும் தீட்டினார். கட்டம் கட்டமாகத் தெரிந்த பொம்மைக்கு முகமும் மேலங்கியும் கிடைத்தது அங்கேதான். இன்றும் பல ஓவியர்கள் விளையாட்டுகளின் மாய உலகை நீர்வண்ணத்தில் வரைந்து, பிரிண்ட் போட்டு விற்கிறார்கள்.

நீர்வண்ணம் என்பது நுண்ணிய நிறமித் தூளும் அக்கேசியா மரத்துப் பிசினும்தான். நீர் காயும்போது தூள் எங்கே தங்குகிறதோ அதுவே படம். அல்ட்ராமரீன் நீலத்தின் துகள்கள் தாளின் குழிகளில் இறங்கி மணல்மணலாகத் திரளும். இருண்ட குகைக்கு அது போதும், தூரிகை நுணுக்கம் தேவையில்லை. சொட்டின் ஓரம் சீக்கிரம் உலர்வதால் நடுவிலுள்ள நீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது, துகளையும் இழுத்துச் செல்கிறது. காப்பிக் கறை வளையமாகப் படிவதும் இதனால்தான் என்று 1997-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கினார்கள். மந்திர ஒளிக்கோ வண்ணமே வேண்டாம். தாளின் வெள்ளையைத் தொடாமல் விட்டால் ஆயிற்று. நனைத்தால் அதிகம் சுருங்காத சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளை இதற்கு விரும்புகிறார்கள்.

ஓவியம் முடிந்ததும் பாதி வேலைதான் முடிந்தது என்பேன். விற்கப்போவது பிரதியை அல்லவா? ஸ்கேனர் மெல்லிய வண்ணப் பூச்சை வெள்ளையென்று எண்ணி விழுங்கிவிடும். பளபளக்கும் பொன்வண்ணத்தைச் சேற்றுப் பழுப்பாக்கும். ஒளிரும் இளஞ்சிவப்பைச் சாதாரண அச்சு மையால் பிடிக்கவே முடியாது. தேர்ந்தவர்கள் பிரிண்டை மனத்தில் வைத்தே வண்ணம் தேர்கிறார்கள், திரையில் நிறத்தைத் திருத்துகிறார்கள். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் அச்சு துல்லியமாக வரும். ஏ4 படத்தை ஏ3 அளவில் விற்க நினைத்தால் 600-இல் ஸ்கேன் செய்வது நல்லது, சுமார் 420 போதுமென்றாலும்.

இந்தத் தொழிலுக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் பாடகர் கிரகாம் நாஷ். கலிஃபோர்னியாவில் அவர் தொடங்கிய அச்சகம், 1990-களில் ஐரிஸ் இங்க்ஜெட் இயந்திரத்தில் கலைப் பிரதிகள் எடுத்தது. ஆனால் ஆரம்பகாலச் சாய மைகள் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்தன. அந்தக் குறையைப் பெரிதும் தீர்த்தது, பின்னால் வந்த நிறமி மை. மை எதுவென்று சொல்லாமல் பிரிண்ட் விற்பவரிடம் நான் வாங்கமாட்டேன்.

சட்டச் சிக்கலும் உண்டு. கதாபாத்திரங்கள் விளையாட்டு நிறுவனத்தின் சொத்து. ரசிகர் ஓவியத்தை எந்த அளவுக்கு விற்கலாம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே விவரமறிந்தவர்கள் பெயர்பெற்ற வீரர்களைத் தொடுவதில்லை. காளான் வீடு, மருந்துக் குப்பி, பாசி படர்ந்த கோபுரம் என்று பொதுவானவற்றையே வரைகிறார்கள். டிராகனும் பொதுச்சொத்துதான், இன்னொருவர் வரைந்த டிராகனை அப்படியே எடுக்காத வரை.