குழந்தையின் மூச்சும் குழலின் ஆரமும்

கல்லூரியில் இயற்பியல் பயில வரும் மாணவர்கள் முதலாண்டிலேயே செய்யும் சோதனை ஒன்று உண்டு. நுண்புழைக் குழாய் ஒன்றின் வழியே தண்ணீரை ஓட விட்டு, அதன் பாகியல் எண்ணைக் காண்பது. நீளத்தை அளவுகோலால் அளந்துவிடலாம். காலத்தை நிறுத்து கடிகாரம் சொல்லிவிடும். ஆனால் குழாயின் ஆரத்தை மட்டும் நகரும் நுண்ணோக்கியின் கீழ் வைத்து மீண்டும் மீண்டும் அளக்கச் சொல்வோம். "ஆரத்தில் நூற்றுக்கு இரண்டு பிழை நேர்ந்தால், விடையில் நூற்றுக்கு எட்டுப் பிழை வரும்" என்று எச்சரிப்போம். ஏனெனில் சமன்பாட்டில் ஆரம் நான்காம் அடுக்கில் வருகிறது.

இதைப் பல ஆண்டுகளாக நான் வகுப்பில் சொல்லி வந்தேன். ஒரு மார்கழி இரவில் என் ஐந்து வயது மகள் மூச்சுக்குத் திணறிய போதுதான் அந்த நான்காம் அடுக்கின் பொருள் எனக்கு விளங்கியது. மூச்சை வெளியே விடும் போதெல்லாம் விசில் போன்ற ஒலி. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளின் இடையே தோல் உள்வாங்கியது. ஒரு வாக்கியத்தை முடிக்க அவளால் இயலவில்லை.

ஆஸ்துமா எனப்படும் ஈளை நோயே அது. இந்நோயில் என்ன நிகழ்கிறது, மருந்து எவ்வாறு வேலை செய்கிறது, நல்ல மருந்துகள் இருந்தும் குழந்தைகள் ஏன் அவதிப்படுகிறார்கள், அந்நிலையைச் சில ஊர்களில் எவ்வாறு மாற்றிக் காட்டினார்கள் என்பவற்றை இங்கே காண்போம்.

மருத்துவர் தந்த விதி

நாம் இயற்பியல் விதி என்று படிக்கும் இதைக் கண்டறிந்தவர் ஒரு மருத்துவர். பிரான்சு நாட்டைச் சேர்ந்த பாய்சொய் (1797-1869) இரத்தம் நுண்குழாய்களில் எவ்வாறு ஓடுகிறது என்று அறிய விரும்பி, கண்ணாடிக் குழாய்களில் சோதனைகள் செய்து, 1840-களில் முடிவுகளை வெளியிட்டார். அமுக்க வேறுபாடு மாறாதிருக்கும் போது, ஒரு குழாயின் வழியே சீராகப் பாயும் பாய்மத்தின் அளவு அக்குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆரம் பாதியானால் பாய்வு பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது.

நம் மூச்சுக்குழல் மார்புக்குள் சென்று இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மீண்டும் மீண்டும் கிளைத்து, தலைகீழாக நட்ட மரம் போல நுரையீரல் முழுவதும் பரவியிருக்கிறது. ஆஸ்துமாவில் இந்தக் கிளைக்குழல்கள் சுருங்குகின்றன.

கணக்குக்காக, பெரியவர் ஒருவரின் சிறு கிளைக்குழலின் ஆரம் 1 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதன் உட்சுவர் 0.2 மில்லிமீட்டர் வீங்கினால் ஆரம் 0.8 ஆகும். தடை ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். குழந்தையின் குழல் சிறியது; ஆரம் 0.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதே 0.2 மில்லிமீட்டர் வீக்கம் வந்தால் ஆரம் 0.3 ஆகிறது, தடையோ ஏழரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. வீக்கம் ஒன்றே, விளைவு வேறு. "சின்னக் குழந்தைக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் முற்றிவிடுகிறது?" என்று கேட்கும் தாய்மார்களுக்கு இக்கணக்கே விடை.

பெரிய குழல்களில் காற்று சீராகச் செல்லாமல் சுழித்துச் செல்வதால் அங்கே இவ்விதி அப்படியே பொருந்தாது. அங்கும் குழல் குறுகினால் தடை மிகக் கடுமையாகவே உயர்கிறது.

விசில் ஒலி மூச்சை விடும் போது மிகுதியாகக் கேட்பதற்கும் காரணம் உண்டு. மூச்சை இழுக்கையில் மார்பு விரிய, குழல்களும் சற்று விரிகின்றன. விடுகையில் மார்புக்குள் அமுக்கம் கூடி, ஏற்கெனவே குறுகிய குழல்கள் மேலும் ஒடுங்குகின்றன. இங்கே ஓர் எச்சரிக்கை. ஒலி நின்றுவிட்டால் நோய் தணிந்தது என்று பொருளன்று. குழந்தை இன்னும் திணறும்போதே ஒலி அடங்கினால், ஒலி எழுப்பும் அளவுக்குக் கூடக் காற்று செல்லவில்லை என்பதே பொருள். அது பேராபத்து.

இரண்டு கோளாறு, இரண்டு மருந்து

குழல் குறுகுவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்று, குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுவது. மற்றொன்று, குழலின் உட்சுவர் அழற்சியால் வீங்கிச் சளியைச் சுரப்பது. முதலாவது சில நிமிடங்களில் வந்து, மருந்தால் சில நிமிடங்களில் விலகக்கூடியது. இரண்டாவது, திணறல் இல்லாத நாட்களிலும் உள்ளே கனன்று கொண்டிருப்பது. தூசு, புகை, சளிக்காய்ச்சல், குளிர்காற்று போன்ற ஏதோ ஒன்று தூண்டியவுடன் அந்தக் கனல் தீயாகிறது.

எனவே மருந்தும் இரண்டு வகை. சால்பூட்டமால் போன்றவை இறுகிய தசையைத் தளர்த்தும் நிவாரணிகள். 1972-இல் பயனுக்கு வந்த பெக்லோமெத்தசோனும் அதன் வழிவந்த உறிஞ்சு ஸ்டீராய்டுகளும் அழற்சியை அடக்கும் தடுப்பு மருந்துகள். தடுப்பு மருந்து உடனே சுகம் தராது. நாள்தோறும் எடுத்தால் சில வாரங்களில் திணறல் வருவதையே குறைக்கும்.

மனித மனம் உடனே சுகம் தருவதைத்தான் நம்புகிறது. நானும் அப்படியே செய்தேன். எங்களுக்கு இரண்டு மருந்தும் எழுதித் தரப்பட்டன. மகள் தேறியதும் தடுப்பு மருந்தை நிறுத்திவிட்டேன். "குழந்தைக்கு இதைப் பழக்கிடாதேப்பா" என்று என் தாயார் சொன்னது எனக்கு வசதியாகவும் இருந்தது. ஆறு வாரத்தில் மீண்டும் நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடினோம்.

உறிஞ்சு மருந்து பழக்கத்துக்கு அடிமையாக்கும் பொருளன்று. சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து உண்டு. உறிஞ்சியின் ஓர் அழுத்தத்தில் வருவதோ 100 மைக்ரோகிராம். அதாவது இருபதில் அல்லது நாற்பதில் ஒரு பங்கு. நேரே குழலுக்குச் செல்வதால் அதுவே போதுமானது. உறிஞ்சு ஸ்டீராய்டைப் பல ஆண்டுகள் எடுத்தால் குழந்தையின் உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறையலாம் என்பது உண்மை. ஆனால் அடக்கப்படாத ஆஸ்துமா பறிப்பது தூக்கத்தை, பள்ளி நாட்களை, சில வேளை உயிரையே. நிவாரணியை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை உணர்ந்தே, ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டி அமைப்பு 2019-இல் 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு நிவாரணியை மட்டும் தனியே தரும் முறையைக் கைவிட்டது. சிறுவர்க்கும் தேவையான மருந்தைத் தேவையான அளவில் தருவது மருத்துவரின் கடமை. இடையில் நிறுத்தாதிருப்பது பெற்றோரின் கடமை.

மருந்து எங்கே போகிறது?

என் இரண்டாவது தவறு இயற்பியல் ஆசிரியன் செய்யக் கூடாத தவறு. உறிஞ்சியை மகளின் வாயில் வைத்து நேரே அழுத்தினேன். மருந்துச் சீட்டை எழுதித் தந்த இடத்தில் யாரும் செய்து காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

உறிஞ்சியிலிருந்து மருந்து மிகுந்த வேகத்தில் பாய்கிறது. வாயிலிருந்து தொண்டைக்குப் பாதை ஏறக்குறைய செங்கோணத்தில் திரும்புகிறது. வேகமாக வரும் பேருந்து கூர்மையான வளைவில் திரும்ப முடியாமல் நேரே போய் மோதுவது போல, பெரிய துளிகள் நிலைமத்தின் காரணமாகத் தொண்டையின் பின்சுவரில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. ஏறத்தாழ 1 முதல் 5 மைக்ரான் வரை உள்ள துளிகளே வளைவுகளைக் கடந்து கிளைக்குழல்களில் படிகின்றன.

இதற்குத் தீர்வு இடைக்கலன். உறிஞ்சிக்கும் வாய்க்கும் இடையே வைக்கப்படும் வெற்றுக் குடுவை அது. அதற்குள் துளிகள் வேகம் குறைகின்றன. உந்து திரவம் ஆவியாவதால் உருவிலும் சிறுக்கின்றன. குழந்தை ஐந்தாறு முறை இயல்பாக மூச்சுவிட்டால் போதும். சிறு குழந்தைக்கு முகமூடியும் சேர்க்க வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் முன் உறிஞ்சியைக் குலுக்க வேண்டும். இரண்டு அழுத்தங்களை ஒன்றாக நிரப்பக் கூடாது.

புதிய பிளாஸ்டிக் கலனின் சுவரில் நிலைமின்னூட்டம் இருக்கும். தலை வாரிய சீப்பு காகிதத் துண்டை இழுப்பது போல அது மருந்துத் துளிகளை இழுத்துக்கொள்ளும். ஆகவே கலனைச் சோப்புக் கரைசலில் கழுவித் தானே உலர விட வேண்டும். துணியால் தேய்த்தால் மின்னூட்டம் மீண்டும் ஏறிவிடும்!

விலை கொடுத்து வாங்க இயலாத இடங்களுக்கும் வழி உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஹெதர் சார் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும், 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் புட்டியில் உறிஞ்சி பொருந்தத் துளையிட்டு இடைக்கலனாகப் பயன்படுத்தினர். அது விலைக்கு விற்கும் கலனைப் போலவே பயன் தருகிறது என்று 1999-இல் வெளியிட்டனர்.

அறிந்ததும் செய்ததும்

நல்ல மருந்து இருக்கிறது; அதைச் செலுத்தும் முறையும் தெரியும். பின் ஏன் குழந்தைகள் மீண்டும் மீண்டும் மருத்துவமனைக்கு வருகிறார்கள்? அறிந்ததற்கும் செய்வதற்கும் இடையே உள்ள பள்ளமே காரணம்.

ஐக்கிய அமெரிக்காவில் ஆஸ்துமா சிகிச்சைக்கான தேசிய வழிகாட்டி முதன்முதலாக 1991-இல் வெளிவந்தது. ஆனால் பல மருத்துவர்களின் அறையில் அது அலமாரியிலேயே கிடந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில், ஏழைக் குழந்தைகள் மிகுதியாக வரும் ஆறு மருத்துவமனைகளில், மிஷெல் க்ளூட்டியே என்ற மருத்துவரின் தலைமையில் 1998-இல் 'ஈசி ப்ரீத்திங்' என்ற திட்டம் தொடங்கியது. அதில் புது மருந்து எதுவும் இல்லை. எக்காரணத்துக்காக வரும் குழந்தையின் பெற்றோரிடமும் மூச்சு பற்றிய சில கேள்விகளைக் கேட்டு நோயை இனங்காண்பது. அதன் கடுமையை வகைப்படுத்துவது. அந்த வகைக்கு ஏற்ற மருந்தைப் பட்டியலிலிருந்து தேர்வது. வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் தருவது. அவ்வளவுதான். 2005-இல் வெளியான முடிவுகளின்படி, மருத்துவமனையில் சேர்க்கப்படுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அவசர சிகிச்சைக்கு ஓடுவது கால் பங்குக்கு மேல் குறைந்தது.

ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டியில் 2003-இல் 44 குழந்தை மருத்துவக் கூடங்கள் ஒன்று சேர்ந்தன. ஒவ்வோர் ஆஸ்துமாக் குழந்தைக்கும் மூன்று கேள்விகள்: நோயின் கடுமை வகைப்படுத்தப்பட்டதா? எழுத்து வடிவில் திட்டம் தரப்பட்டதா? தேவைப்பட்ட குழந்தைக்குத் தடுப்பு மருந்து தரப்பட்டதா? மூன்றும் 'ஆம்' என்றால்தான் நிறைவான சிகிச்சை. தொடக்கத்தில் நூற்றுக்கு 4 குழந்தைகளே நிறைவான சிகிச்சை பெற்றனர். ஒவ்வொரு கூடத்துக்கும் அதன் எண்ணும் பிற கூடங்களின் எண்களும் காட்டப்பட்டன. முன்னேற்றத்துக்கு ஊக்கத்தொகையும் உண்டு. 2006-இன் இறுதியில் அந்த 4 என்பது 88 ஆகியிருந்தது.

தொடக்கத்தில் அந்த மருத்துவர்கள் நோயை அறியாதவர்கள் அல்லர். தாங்கள் எத்தனை குழந்தைகளுக்கு எதைச் செய்யாமல் விடுகிறோம் என்பதை அளந்து பார்க்கவில்லை, அவ்வளவே. அளந்தவுடன் திருத்தம் பிறந்தது. ஆய்வுக்கூடத்தில் மாணவனுக்கு நாம் கற்பிப்பதும் இதுதானே?

நாம் செய்யக்கூடியவை

ஆஸ்துமா உள்ள குழந்தையின் பெற்றோர் மருத்துவரிடம் மூன்றைக் கேட்டுப் பெறுங்கள். உறிஞ்சியைச் செய்து காட்டச் சொல்லுங்கள். பின் நீங்கள் செய்து காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். திட்டத்தை எழுதி வாங்குங்கள். அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேளுங்கள். குழந்தை நன்றாக இருக்கும் போதும் அந்நாளில் செல்லுங்கள்.

எழுத்துத் திட்டம் சாலை விளக்கைப் போல மூன்று நிறத்தில் அமைவது வழக்கம். பள்ளி வயதுக் குழந்தை உச்சப் பாய்வுமானியில் ஊதலாம். தன் சிறந்த அளவில் நூற்றுக்கு 80-க்கு மேல் ஊதினால் பச்சை. 50-க்கும் 80-க்கும் இடையே மஞ்சள். 50-க்குக் கீழ் சிவப்பு. கருவி இல்லாவிட்டாலும் அறிகுறிகளைக் கொண்டே திட்டம் வகுக்கலாம். பேச முடியாமை, விலா உள்வாங்குதல், உதடு நீலமாதல், நிவாரணியின் பயன் சில மணி நேரம் கூட நில்லாமை ஆகியவை சிவப்பு. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆசிரியர்கள், வகுப்பில் எந்தக் குழந்தைக்கு ஆஸ்துமா உண்டு, அதன் உறிஞ்சி எங்கே இருக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் இன்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் மூன்று நிறங்கள் உள்ளன. என் தாயாரே காலையில் பல் துலக்கும் முன் மகளை அழைத்து, "வாம்மா, மருந்தை உறிஞ்சிட்டு அப்புறம் பல் தேய்க்கலாம்" என்கிறார். மருந்தை எடுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும் என்பதற்காக அவர் கண்ட முறை அது. இந்த மார்கழியில் நாங்கள் ஒரு நாளும் நள்ளிரவில் ஓடவில்லை.

ஆய்வுக்கூடத்தில் இப்போதும் ஆரத்தை மீண்டும் மீண்டும் அளக்கச் சொல்கிறேன். ஏன் என்று கேட்கும் மாணவனுக்குச் சமன்பாட்டை மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை.