ஊரடங்கும் உலையரிசியும்

நோயும் நாடும் – 9

பிளேக் நோய் பம்பாயையும் புனாவையும் வாட்டிய 1897ஆம் ஆண்டில், அவசர அவசரமாக இயற்றப்பட்ட கொள்ளைநோய்ச் சட்டத்தின் பலத்தைக் கொண்டு சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனை நடத்தியதையும், அதனால் நோயைவிட அரசாங்கத்தையே ஜனங்கள் அதிகமாக அஞ்சும்படி நேர்ந்ததையும் சென்ற வாரம் கண்டோம். இவ்வாரம் நம் காலத்துக்கு வருவோம். 2020ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது தமிழக அரசு மேற்கொண்ட அவசர நடவடிக்கைகள், ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் பிரதேசத்தில் எங்கே பலித்தன, எங்கே தவறின என்பதைப் பார்ப்போம்.

இந்தப் பிரதேசத்தைத் தேர்ந்துகொள்ளக் காரணம் உண்டு. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரால் ஆறும் கிணறும் கெட்டதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இரண்டு கோட்பாடுகளை நம் நாட்டுச் சட்டத்தின் அங்கங்கள் என்று அறிவித்தது. விஞ்ஞானம் முழு நிச்சயம் கூறும்வரை காத்திராமல் தீங்கை முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பது ஒன்று. சுற்றுப்புறத்தைக் கெடுத்தவனே அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. தடுப்பது என்று புறப்பட்டால், அதன் செலவை யார் சுமப்பது என்ற கேள்விக்கும் கூடவே விடை சொல்லியாக வேண்டும் என்பதே அத்தீர்ப்பிலிருந்து நான் கற்றுக்கொள்ளும் பாடம். கொள்ளைநோய்க் காலத்தில் கெடுத்தவன் என்று எவனையும் சுட்ட முடியாது. ஆகவே, ஊர் முழுவதன் க்ஷேமத்தை முன்னிட்டு ஒருவனை வேலைக்குப் போகாதே என்று தடுக்கும்போது, அவன் இழக்கும் கூலியை ஊர் முழுவதன் சார்பில் அரசாங்கமே ஈடு செய்ய வேண்டும்.

தடுக்கும் கடமையை அரசு காலதாமதமின்றிச் செய்தது என்று சொல்வதே நியாயம். 2020 மார்ச் 7 அன்று மாநிலத்தின் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். அம்மாதத்திலேயே, 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் கொரோனா அறிவிக்கை செய்யப்பட்டது. ராஜாஜியின் மந்திரிசபையில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதார மந்திரியாக இருந்த நாளில் நிறைவேறிய அச்சட்டமும், கிராம சுகாதார செவிலியர்வரை வேரோடியிருந்த பொதுச் சுகாதாரத் துறையும், நெருக்கடி வந்த பிறகு தேடிப் பிடித்தவை அல்ல. பல தலைமுறைகள் பேணி வளர்த்தவை. மார்ச் 24 மாலை 6 மணிக்கு மாநிலமெங்கும் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. மறுநாள் நாடு முழுவதும் ஊரடங்கிற்று. நோயைக் கண்டறியும் பரிசோதனைக்குத் தொடக்கத்திலேயே அனுமதி பெற்ற ஆய்வகங்களுள் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வகமும் ஒன்று. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுக் கண்டறியப்பட்டதும் இதே கல்லூரியில்தான்.

ஆனால், உத்தரவு பிறந்த அந்த மாலையில் இப்பிரதேசத்தின் நிலை என்ன? பச்சைத் தோல் காத்திருக்கும் சரக்கு அன்று. உப்பிட்டு வந்த தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சுண்ணாம்பில் இட்டு மயிர் நீக்கி, டிரம்மில் குரோமிய உப்புடன் சுழற்றிப் பதமாக்கும் வரையில், ஒவ்வொரு கட்டத்துக்கும் இத்தனை மணி நேரம் என்ற கணக்குண்டு. ஊறலில் கிடக்கும் தோலை ஆளின்றி விட்டுப்போனால் அழுகிப்போகும். தோலின் கதி இதுவென்றால், விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூருக்கு வந்து, காலணியின் மேற்பாகங்களை நாள் முழுவதும் தைத்துவிட்டு இருட்டிய பின் வீடு திரும்பும் சுற்றுக் கிராமத்துப் பெண்களின் கதி இன்னும் கடினமானது. அவர்கள் தைத்த காலணிகளை வாங்கும் ஐரோப்பிய நாடுகளிலும் கடைகள் மூடப்பட்டிருந்தமையால், ஊரடங்கு தளர்ந்த பிறகும் ஆர்டர்கள் உடனே திரும்பவில்லை. அப்பெண்களின் சம்பளத்தை நம்பி மளிகைக் கடையில் கணக்கும், மகளிர் குழுவில் கடனும், பிள்ளைகளின் படிப்பும் இருந்தன.

அரசு இதை அறியாமலில்லை. முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி 3,280 கோடி ரூபாய் மதிப்பிலான நிவாரணத்தை அறிவித்தார்: அரிசி பெறும் ஒவ்வொரு குடும்ப அட்டைக்கும் 1,000 ரூபாய், அத்துடன் ஏப்ரல் மாதத்துக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை அனைத்தும் இலவசம். நாளும் நேரமும் குறித்த டோக்கன் கைக்கு வந்தது. ரேஷன் கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டமிட்டு, வட்டத்துக்கு ஒருவராக ஜனங்கள் நின்றார்கள். எத்தனையோ ஆண்டுகளாக எடையில் குறைகிறது, தரம் போதாது என்றெல்லாம் குறை கூறப்பட்டு வந்த அந்தச் சிறிய கடைதான், பெரிய ஸ்தாபனங்கள் யாவும் கதவடைத்த வேளையில் அரசாங்கத்தின் வாக்குறுதியை அரிசியாக அளந்து போட்டது. ஊரடங்கின் வெற்றியில் காவல் துறைக்கு எவ்வளவு பங்குண்டோ, அவ்வளவு பங்கு அந்தக் கடைக்காரருக்கும் உண்டு.

குறையும் அங்கேதான் தொடங்கிற்று. அட்டை உள்ளவருக்கு அரிசி வந்தது, அட்டையே இல்லாதவர்? வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்காக வேலூருக்கு வந்து, கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளில் கையிருப்பு கரையக் கரையத் தங்கிக் கிடந்த நோயாளிகளும் அவர்களுடன் வந்தவர்களும் எத்தனையோ பேர். மே 6 அன்றுதான் காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டுக்குச் சிறப்பு ரயில் புறப்பட்டது. ஊரடங்கு பிறந்து ஆறு வாரங்கள் கழிந்துவிட்டிருந்தன.

பசியைக் கவனியாத தடுப்பு, சீக்கிரத்தில் மனிதனையும் கவனியாததாகிவிடும். ஏப்ரல் இறுதியில், ஆந்திர எல்லைச் சாலைகளின் குறுக்கே வேலூர் மாவட்ட நிர்வாகம் சுவரே எழுப்பிற்று. கண்டனம் எழுந்ததும் அது இடிக்கப்பட்டது. மே மாதத்தில் வாணியம்பாடியில், விதியை மீறிக் கடை விரித்தார்கள் என்று நகராட்சி ஆணையரே தள்ளுவண்டிகளைக் கவிழ்த்துப் பழங்களை வீதியில் வீசினார். பிறகு வியாபாரிகளிடம் வருத்தம் தெரிவித்தார். அந்த வண்டிக்காரர் வீட்டிலிருந்து வெளியே வந்தது நோயை அலட்சியம் செய்ததால் அல்ல, ஜீவனத்தின் நிர்ப்பந்தத்தால் என்பதை உணர்ந்த நிர்வாகம் அவரை அப்படி நடத்தியிராது.

அரசாங்கம் அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்ளும் என்பதற்கும் சான்று உண்டு. 2021 மே 7 அன்று முதலமைச்சராகப் பதவியேற்ற மு.க. ஸ்டாலின், அன்றே கையெழுத்திட்ட ஆணைகளால், குடும்ப அட்டைக்கு 4,000 ரூபாய் நிவாரணத்தின் முதல் தவணை 2,000 ரூபாயும், தனியார் மருத்துவமனையில் கொரோனா சிகிச்சைக்கான செலவைக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியே அரசு ஏற்பதும் உறுதியாயின. முழு ஊரடங்கு மூன்று நாள் கழித்து, மே 10 அன்றுதான் தொடங்கிற்று. நிவாரணம் முன்னே, தடை பின்னே என்ற இந்த வரிசையைப் பெரிதும் போற்றத்தக்கதாகக் கருதுகிறேன்.

எனினும், ஓர் ஆண்டில் 1,000 என்றும் மறு ஆண்டில் 4,000 என்றும், அன்றன்றைய ஆட்சியின் சித்தத்தைப் பொறுத்து இது அமைவது போதாது. ஊரடங்கு ஆணை எந்த நாளில் பிறக்கிறதோ அந்த நாளிலிருந்தே, அட்டை உள்ளவர், இல்லாதவர், இவ்வூரார், வெளியூரார் என்ற பேதமின்றி, கூலி இழந்த ஒவ்வொருவருக்கும் உணவும் உதவித்தொகையும் பாத்தியதை என்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். தடுப்பதற்கான அதிகாரத்தை 1939லேயே எழுதிவைத்த மாநிலம், ஆதரிக்கும் கடமையையும் எழுதிவைக்கத் தயங்க வேண்டியதில்லை; அடுத்த நோய் வரும்வரை அதற்காகக் காத்திருக்கவும் கூடாது.

(தொடரும்)