உள்ளூரிலேயே நல்ல மரம்

ரைஹால் ஒன்றைக் கையிலெடுத்து உற்று நோக்குங்கள். பழைய முறையில் செய்ததாயின் அதில் ஆணி இராது, பசை இராது, இரும்புக் கீலும் இராது. ஒரே பலகையின் நடுவே விரல்கள் கோத்தாற்போல் பற்களைச் செதுக்கி, இரு முனைகளிலிருந்தும் கனத்தை இரண்டாக அறுத்துப் பிரிக்கின்றனர். மரம் பச்சையாக இருந்தாலோ, அதன் நார் நேராக ஓடாவிட்டாலோ, அந்தப் பற்கள் விரிசல் கண்டு உதிர்ந்துவிடும். ஓய்வு நேரத்தில் உளியும் இழைப்புளியும் எடுக்கும் நம் சகோதரர்களுள் பலருக்குக் கைத்திறன் குறைவில்லை, மரம்தான் வாய்ப்பதில்லை.

காரணம், தேக்கு என்ற ஒரே பெயரைச் சொல்லிக் கடைத்தெருவில் தேடுவதே. ஒரு தொட்டிலுக்கோ புத்தக அடுக்குக்கோ வேண்டிய மரம், ஊர்ப்புறத்து மர அறுவை மில்லில் விறகு விலைக்குச் சற்று மேலே கிடக்கக்கூடும். வாகையின் சேகு கரும்பழுப்பாய், மெருகு ஏற ஏற அழகு கூடும். (அறுக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், அதன் தூள் தும்மலை வரவழைக்கும்.) வேம்பைப் பூச்சி எளிதில் அணுகுவதில்லை, துணிப்பெட்டிக்கு ஏற்றது. பலா முதலில் மஞ்சளாயிருந்து ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பாக மாறும். தஞ்சாவூரில் வீணை செய்வது இம்மரத்திலேதான். கடலோர ஊர்களில் உள்ளோர் பூவரசை மறக்க வேண்டாம். உப்புக்காற்றில் வளரும் அம்மரம் இறுக்கமானது, நன்கு வழவழப்பாகும். சிறிய ரைஹாலுக்கு நான் முதலில் தேடுவது அதைத்தான்.

மில்லுக்குச் செல்வோர் கணக்கை அறிந்து செல்ல வேண்டும். உருண்டை மரத்தின் நடுச்சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவது பழைய வழக்கம். சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடி எனில் 10 கன அடி என்பர். உண்மைக் கனம் ஏறத்தாழ 12.7 கன அடியாகும். இதைக் கண்டு இலாபம் என்று மகிழ வேண்டாம். பட்டையும் புறவாயும் வாள் தின்னும் தூளும் அந்த வேறுபாட்டை விழுங்கிவிடும். அறுத்த பலகைக்கு, அடியில் நீளத்தையும் அங்குலத்தில் அகலத்தையும் கனத்தையும் பெருக்கி 144ஆல் வகுக்க வேண்டும். 6 அடி நீளம், 8 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் எனில் கன அடியில் மூன்றில் ஒரு பங்கு. ஓர் அங்குலப் பலகை இருபுறமும் இழைத்தபின் ஆறு நூலாகவே நிற்கக்கூடும். விலை பேசும் முன் இழைக்காத அளவா, இழைத்த அளவா எனக் கேட்டுவிடுங்கள்.

பலகையின் ஓரத்தில் வெளிறிய வெள்ளைப் பகுதி உள்ளதா என்று பாருங்கள். வண்டு துளைப்பது பெரும்பாலும் அங்கேதான். சாயம் பூசிய பலகையாயின் ஒரு முனையைச் சீவிக்காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் கடையை விட்டு வந்துவிடலாம்.

‘பர்மா தேக்கு’ என்று சொல்லப்படுவதைப் பற்றியும் ஒரு சொல். மியான்மர் அரசு 2014 ஏப்ரலில் உருண்டை மர ஏற்றுமதியை நிறுத்தியது. ஆப்பிரிக்க, தென் அமெரிக்கத் தோட்டத் தேக்கும் நம் சந்தையில் விற்கப்படுகின்றது. அது தாழ்ந்தது என்று சொல்வதற்கில்லை; ஆயினும் அதன் பெயரிலேயே விற்கப்பட வேண்டும். பழைய பர்மா மரத்தை நாடுவோர், இடிக்கப்படும் பழைய வீடுகளின் உத்தரங்களையும் நிலைகளையும் வாங்கி விற்கும் கடைகளுக்குச் செல்லலாம். காரைக்குடியில் இத்தகைய கடைகள் பல உண்டு. பல்லாண்டு உலர்ந்த மரம், இனி வளையாது. ஆனால் உள்ளே புதைந்த ஆணி இழைப்புளியின் அலகை உடைக்கும். காந்தம் கொண்டு தடவிப் பாருங்கள்.

சொந்த நிலத்தில் விழுந்த மரத்தையும் அறுத்துக்கொள்ளலாம். சந்தனம் போன்றவற்றுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். அறுத்த பச்சைப் பலகைகளைச் சுவரோரம் சாய்த்து வைக்காதீர்கள். நிழலில், தரைக்குமேல் உயர்த்தி, இடையிடையே ஒரே கனமுள்ள ரீப்பர்களை வைத்து அடுக்கி, வெட்டுமுனைகளில் பெயிண்ட் பூசுங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு என்பது தச்சர் கணக்கு. ஐயமிருப்பின் அடுக்கிலிருந்து சிறு துண்டொன்றை வாரம்தோறும் மளிகைக் கடைத் தராசில் நிறுத்துக் குறித்து வாருங்கள். எடை குறைவது நின்ற பிறகு உளியை எடுக்கலாம்.