ஊர் கூடி இழுத்த தேர்

வடம் பிடிக்க ஊர் கூடினாலன்றித் தேர் நகராது என்பது நம் முன்னோர் கண்டறிந்த உண்மை. ஆயினும், நற்பணியொன்று பொருள் முட்டுப்பாட்டினால் தடைப்படும்போது, ‘தாராள மனமுள்ள செல்வர் ஒருவர் கிடைத்துவிட்டால் போதுமே’ என்றுதான் நம் உள்ளம் முதலில் ஏங்குகின்றது. அந்த ஏக்கம் தவறன்று. ஆனால் அது மட்டும் போதாது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் கறுப்பின மக்களின் கல்விக்காக எழுந்த தனியார் கல்லூரிகளின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது.

அந்நாட்டில் 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அதுவரை தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதே சட்டப்படி குற்றமாய் இருந்தது. விடுதலை பெற்ற மக்களுக்கெனக் கிறிஸ்தவ சபைகளும் அறநிலையங்களும் கல்விக்கூடங்களைத் திறந்தன. திறப்பது எளிது, நடத்துவதோ அரிது. டென்னசி மாநிலத்து ஃபிஸ்க் கல்லூரி பொருளின்றித் தவித்தபோது, அதன் மாணவர் குழுவொன்று 1871-இல் ஊர் ஊராகச் சென்று ஞானப் பாடல்களைப் பாடிப் பொருள் திரட்டிற்று. அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த மேரி மெக்லியோட் பெத்யூன் அம்மையார், 1904-இல் ஒன்றரை டாலர் கையிருப்புடன், ஐந்து சிறுமியரைக் கொண்டு புளோரிடாவில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். சர்க்கரைவள்ளிக் கிழங்கில் பலகாரம் செய்து விற்று, அதன் செலவுக்கு வழி தேடினார். அப்பள்ளியே பின்னர் கல்லூரியாக வளர்ந்தது.

1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி இக்கல்லூரிகளை நிலைகுலையச் செய்தது. பெற்றோர் வேலையிழந்தனர்; கொடையாளரின் கை சுருங்கிற்று. கல்லூரித் தலைவர்கள் வட மாநில நகரங்களுக்குப் பயணமாகி, ஒரே செல்வர்களின் வாயிற்படிகளில் ஒருவர் பின் ஒருவராகக் காத்து நின்றனர். ஒருவர் பெற்றால் மற்றவர் இழக்க வேண்டும். ஒரே பணியில் தோழராய் இருக்க வேண்டியவர்கள் போட்டியாளராய் நின்ற அவலநிலை அது.

இந்நிலைக்கு மாற்று வழி கண்டவர் பிரெடரிக் டக்ளஸ் பாட்டர்சன் என்பவர். 1901-இல் வாஷிங்டன் நகரில் பிறந்த அவர், குழந்தைப் பருவத்திலேயே பெற்றோர் இருவரையும் காசநோய்க்குப் பறிகொடுத்து, தமக்கையால் வளர்க்கப்பட்டவர். கால்நடை மருத்துவம் பயின்று, 1935-இல் அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கீஜி கல்வி நிலையத்தின் தலைவரானார். அந்நிலையமோ புக்கர் வாஷிங்டன் உருவாக்கியது. அறிவியலறிஞர் கார்வர் பணியாற்றியது. நாடெங்கும் பெயர் பெற்றது. ஏனைய கல்லூரிகள் எக்கேடு கெட்டாலும் தன் புகழைக் கொண்டே பிழைத்துக்கொள்ளத்தக்கது. ஆனால் பாட்டர்சன் அவ்வாறு எண்ணவில்லை.

அக்காலத்தில் இளம்பிள்ளை வாதத்தை எதிர்க்க, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் ஆதரவுடன், பொதுமக்களிடமிருந்து பத்து சென்ட் நாணயங்களாகவே பெருநிதி திரட்டப்பட்டு வந்தது. அந்நிதியின் உதவியால் டஸ்கீஜியிலேயே 1941-இல் ஒரு மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. சிறு காசுகள் சேர்ந்து செய்யும் அருஞ்செயலை பாட்டர்சன் கண்ணாரக் கண்டார். 1943 ஜனவரி 30 அன்று ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ இதழில் தம் கருத்தை வெளியிட்டார். கல்லூரிகள் தனித்தனியே செலவிடும் சிறு தொகைகளை ஒன்றுசேர்த்து, நாட்டு மக்களின் மனச்சான்றின்முன் ஒரே குரலில் வேண்டுகோள் விடுக்கலாகாதா என்பதே அவர் எழுப்பிய வினா.

இத்தகைய திட்டத்தில் எழக்கூடிய ஐயங்கள் யாவை என்பதை நாமே உணரலாம். ‘என் பெயரால் வரும் பணத்தைப் பிறரோடு ஏன் பகிர வேண்டும்?’ என்று வலியது கேட்கும். ‘பெரியவற்றின் நிழலில் நான் மறைந்துபோக மாட்டேனா?’ என்று எளியது அஞ்சும். இவ்விரண்டையும் கடந்து, 1944 ஏப்ரல் 25 அன்று 27 கல்லூரிகள் இணைந்து ‘ஐக்கிய நீக்ரோ கல்லூரி நிதியம்’ என்னும் அமைப்பை நிறுவின. (‘நீக்ரோ’ என்னும் சொல் அக்கால வழக்கு, இன்று அது மதிப்புக் குறைவானதெனக் கருதப்பட்டு வழக்கொழிந்தது, வரலாறு கருதி நிதியத்தின் பெயரில் மட்டும் நிற்கின்றது.) பெத்யூன் அம்மையார் துணைநின்றார். வில்லியம் டிரெண்ட் என்பவர் 20 ஆண்டுகள் செயலாட்சியராக உழைத்தார். இளைய ராக்பெல்லரும் குடியரசுத் தலைவரும் ஆதரவு நல்கினர். முதல் நிதித்திரட்டிலேயே 7,50,000 டாலருக்கு மேல் சேர்ந்தது.

சேர்ந்ததை எவ்வாறு பங்கிடுவது? ஒரு பகுதி எல்லாக் கல்லூரிகளுக்கும் சமமாகவும், எஞ்சியது மாணவர் தொகை போன்றவற்றைக் கருதியும் பிரிக்கப்பட்டது. சமபங்கு இருந்தமையால் சிறியது புறக்கணிக்கப்படவில்லை. அளவும் கருதப்பட்டமையால் பெரியது வஞ்சிக்கப்படவில்லை. மேலும், பெயர் பொறித்த கட்டடத்திற்குக் கொடுக்க முன்வருவோர் உண்டு. ஆசிரியரின் ஊதியத்திற்கும் ஏழை மாணவனின் கட்டணத்திற்கும் கொடுப்போர் சிலரே. அத்தகைய அன்றாடத் தேவைகளுக்கே இந்நிதி பெரிதும் பயன்பட்டது.

இவ்விடத்தில் கத்தோலிக்கராகிய நமக்கு நெருக்கமான ஒரு வரலாறும் உண்டு. பிலடெல்பியா நகரின் பெருஞ்செல்வரான வங்கியாளர் ஒருவரின் மகள் கத்தரீன் டிரெக்செல். 1887-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயரைச் சந்தித்து, ஏழைகளுக்கு மறைப்பணியாளரை அனுப்புமாறு வேண்டினார். ‘நீயே ஏன் செல்லலாகாது?’ என்னும் பொருள்பட அவர் மறுமொழி கூறினார். கத்தரீன் 1891-இல் துறவற வார்த்தைப்பாடு அளித்து, கறுப்பின மக்களுக்காகவும் செவ்விந்தியருக்காகவும் ஒரு கன்னியர் சபையை நிறுவினார். சுமார் 2 கோடி டாலரை அவர்களுக்கே செலவிட்டார். நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1915-இல் அவர் தொடங்கிய பள்ளி 1925-இல் கல்லூரியாயிற்று. முத்துக்குளித்துறையில் நம் முன்னோர்க்குத் திருமுழுக்களித்த புனித சவேரியாரின் பெயரையே அது தாங்கி நிற்கின்றது.

ஆனால் அன்னையின் தந்தை 1885-இல் இறந்தபோது எழுதிவைத்த உயிலின்படி, மக்கட்பேறற்ற மகள்களின் காலத்திற்குப்பின் சொத்து முழுவதும் அதில் குறிப்பிடப்பட்ட அறநிலையங்களையே சேரும். கன்னியர் சபையோ உயில் எழுதப்பட்ட காலத்தில் தோன்றவேயில்லை. எனவே 1955 மார்ச் 3 அன்று அன்னை கண்மூடியதும் அவ்வருவாய் சபைக்கு நின்றுபோயிற்று. புனிதையின் கையும் ஒருநாள் ஓயவேண்டியதே. சவேரியார் பல்கலைக்கழகம் இன்று இக்கூட்டு நிதியத்தின் உறுப்பினராக விளங்குகின்றது. 1987-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அங்கு வருகை தந்தார். 2000-இல் அவரே அன்னையைப் புனிதராக அறிவித்தார்.

1954-இல் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், ‘இக்கல்லூரிகள் இனித் தேவையா?’ என்ற வினா எழுந்தது. கதவு திறந்தது என்பதனாலேயே ஏழைக்கு உள்ளே செல்லும் வழிச்செலவு கிடைத்துவிடுவதில்லை. நிதியத்தின் பணி தொடர்ந்தது. பின்னாளில் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவரான கென்னடி, 1957-இல் தமக்குக் கிடைத்த புலிட்சர் பரிசுத் தொகையான 500 டாலரை இந்நிதிக்கே அளித்தார். மனித அறிவு பாழாவது பேரிழப்பு என்னும் கருத்துடன் 1972-இல் தொடங்கிய விளம்பரம் நாடெங்கும் பரவிற்று. 1990-இல் அன்னென்பர்க் 5 கோடி டாலர் அளித்தார். 1999-இல் கேட்ஸ் அறக்கட்டளை 100 கோடி டாலர் கல்வி உதவித்தொகைத் திட்டத்தை இந்நிதியத்தின் பொறுப்பில் விட்டது. 2024-இல் லில்லி அறக்கட்டளை 10 கோடியும், 2025-இல் மெக்கன்சி ஸ்காட் அம்மையார் 7 கோடியும் 37 உறுப்புக் கல்லூரிகளின் பொது நிலைநிதிக்கு வழங்கினர். ஆம், செல்வரும் வந்தனர். ஆனால் அவர்கள் வந்தது ஒரு கல்லூரியின் வாயிலுக்கன்று, எல்லார்க்கும் பொதுவான வாயிலுக்கு.

கறுப்பின மாணவர்க்கான கல்லூரிகளின் துன்பம் யாவும் நீங்கிவிட்டதென்று கூறுவதற்கில்லை. வெர்ஜீனியாவில் 1888-இல் தோன்றிய புனித பவுல் கல்லூரி 2013-இல் மூடப்பட்டது. ஆயினும் 5,00,000-க்கும் மேற்பட்ட மாணவர் இந்நிதியால் பயன்பெற்றுள்ளனர் என்பது சிறிய செயலன்று.

வாசக அன்பர்களே! திருச்சபைக்கு இது புதிய பாடமன்று. யெருசலேம் சபை வறுமையுற்றபோது, திருத்தூதர் பவுல் ஒரு செல்வரைத் தேடிப் போகவில்லை. கொரிந்து நகரத்தார் வாரத்தின் முதல் நாளில் தத்தம் வருவாய்க்கேற்பச் சிறிது எடுத்துவைக்கவேண்டுமெனப் பணித்தார். தாமே வறியவரான மக்கெதோனியரின் ஈகையை அவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டினார். ஆகவே, ஞாயிறு காணிக்கையில் இடும் சிறு தொகையை அற்பமென எண்ண வேண்டா. வசதியுள்ள பங்கு, வசதியற்ற அண்டைப் பங்கின் பள்ளியைப் போட்டியெனக் கருதவும் வேண்டா. வடத்தின் முன்முனையைப் பிடித்தவர் வலியவராயிருக்கலாம். கடைமுனையைப் பிடித்தவர் எளியவராயிருக்கலாம். தேர் நிலையை அடையும்போது, இழுத்தவர் ஊரார் என்றே சொல்லப்படும்.